நடிக்கிறாள் என்று சொல்லுமுன் உள்ளங்காலைப் பாருங்கள்

பகலில் கடைக்குப் போய் வருகிறாள், குழாயடியில் குடம் தூக்குகிறாள். விளக்கு அணைந்துவிட்டால் மட்டும் சுவரைப் பிடிக்காமல் கொல்லைப்புறம் போக முடியவில்லை. முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் முன்பக்கமாகச் சாய்கிறாள். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை என்கிறாள். காரைக்கால் பகுதியில், நிரவியை ஒட்டிய விழிதியூர் போன்ற ஒரு கடைமடைக் கிராமத்தில் இப்படி ஒரு மருமகள் இருந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. "பகல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கா, வெளக்கு வெச்சாத்தான் ஆட்டம் ஆரம்பிக்குது" என்பார் மாமியார். "காத்து கருப்பு பட்டிருக்கும், ஒரு எட்டு நாகூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயேன்" என்பார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. நாலு எழுத்துப் படித்த கொழுந்தனார், "எல்லாம் ஹிஸ்டீரியா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்.

மூன்று பேரும் மூன்று தீர்ப்பு சொன்னார்கள். அவள் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

கால் எங்கே இருக்கிறது, பாதம் எப்படி மடங்கியிருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்தின் பின்பகுதி வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அந்தப் பாதை பழுதுபட்டால் மனிதர்கள் கண்ணை வைத்துச் சமாளிப்பார்கள். தரையைப் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். இருட்டிலோ, கண்ணை மூடினாலோ அந்த உதவி இல்லாமல் போகும், உடம்பு சாயும். இப்படி ஆவதற்கு வழக்கமான காரணங்களில் ஒன்று வைட்டமின் பி12 குறைபாடு. அந்தக் குறைபாட்டை ஒரே நாளில் முற்றவைத்துவிடக்கூடிய பொருள் ஒன்று ஏறத்தாழ எல்லா ஆபரேஷன் தியேட்டர்களிலும் இருந்துவந்திருக்கிறது: நைட்ரஸ் ஆக்சைடு. பள்ளிப் பாடத்தில் சிரிப்பூட்டும் வாயு என்று படித்தோமே, அதுதான்.

இந்த வாயுவுக்கும் ஹிஸ்டீரியாவுக்குமான உறவு இருநூறு ஆண்டு தாண்டியது. 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைக் கண்டறிந்தார். 1799-ல் தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் காற்றுகளைக் கொண்டு நோய் தீர்க்கும் நிலையம் ஒன்றைத் திறந்து, இருபதே வயதான ஹம்ப்ரி டேவியை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொண்டார். டேவி பட்டுப்பையில் வாயுவை நிரப்பித் தானே உறிஞ்சினார், நண்பர்களுக்கும் கொடுத்தார். கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதேயும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வாயுவை உறிஞ்சிய இளம்பெண் ஒருத்தி அறையைவிட்டு ஓடி, தெருவில் படுத்திருந்த பெரிய நாயைத் தாண்டிக் குதித்துப் போனாள் என்று அக்காலத்துப் பிரிஸ்டல் பதிப்பாளர் ஜோசப் காட்டில் எழுதிவைத்திருக்கிறார். ஹிஸ்டீரியா வரும் இயல்புள்ள பெண்கள் சிலருக்கு இந்த வாயு சுகம் தருவதற்குப் பதிலாக வலிப்பையே தூண்டிவிடுகிறது என்பதையும் டேவியின் பதிவுகள் காட்டின. 1800-ல் வந்த அவருடைய நூல், வாயு வலியைப் போக்குகிறது, அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படலாம் என்றும் சொன்னது. அந்த யோசனையை எடுத்துச் செய்து பார்க்க ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர் வரவேண்டியிருந்தது. ஹோரஸ் வெல்ஸ் தன் பல்லையே பிடுங்கவைத்துச் சோதித்தது 1844 டிசம்பரில். இடைப்பட்ட 44 ஆண்டுகள் வாயு வேடிக்கை மேடைகளில் கிடந்தது.

பிரிஸ்டல் கதைகளில் மிகச் சுவையானது வாயுவைப் பற்றியதே அல்ல. பக்கவாதம் என்று வந்த ஒருவருக்கு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்துப் பார்க்க பெடோஸ் விரும்பினார். தொடங்கும் முன் உடல் வெப்பத்தை அளக்கலாம் என்று டேவி நோயாளியின் நாக்கின் கீழ் தெர்மாமீட்டரை வைத்தார். வாயு வைத்தியத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையக் கேள்விப்பட்டிருந்த அந்த ஆள், இதுதான் வைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உடம்பு தேறுவதாகச் சொன்னார். டேவி ஒன்றும் பேசாமல், நாளை வாருங்கள் என்று அனுப்பினார். தினமும் தெர்மாமீட்டர் மட்டுமே. பதினைந்து நாளில் ஆள் குணமாகிப் போய்விட்டார். கோல்ரிட்ஜ் சொன்னதாக டேவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் பாரிஸ் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

நம் ஊர்த் தாயத்தும் துன்னூறும் செய்வது இதே வேலைதான் என்று யாராவது சிரித்தால், அவர்கள் நம் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். மயங்கி விழுந்த பெண்ணின் மூக்கருகே அமோனியா காட்டுவது, மார்பெலும்பை விரல் மூட்டால் அழுத்திப் பார்ப்பது, டிஸ்டில்டு வாட்டரை ஊசியில் ஏற்றிக் குத்துவது எல்லாம் காலங்காலமாக நடப்பவைதான். டேவி தெர்மாமீட்டரை மரியாதையோடு வைத்தார். இங்கே மரியாதையும் கிடையாது. "ஒண்ணும் இல்லம்மா, சும்மா பண்ணுது" என்று உறவினரிடம் சொல்லி அனுப்புவதுதான் சிகிச்சையின் கடைசிக் கட்டம்.

காரைக்காலுக்கு இந்த விஷயத்தில் ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு. 1739 முதல் 1954 வரை பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர் இது. ஹிஸ்டீரியாவை மருத்துவப் பாடமாக்கிய நகரம் பாரிஸ். அங்கே சால்பெத்ரியர் மருத்துவமனையில் ழான் மார்த்தன் ஷார்கோ என்ற நரம்பியல் மேதை, ஹிஸ்டீரியா நோயாளிப் பெண்களை மேடைக்கு அழைத்துவந்து, மனோவசியம் செய்து, கூட்டத்தின் முன் வலிப்பையும் வாதத்தையும் காட்டுவார். சிக்மண்ட் பிராய்டு 1885-ல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆந்த்ரே ப்ரூயே 1887-ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், மயங்கிச் சாயும் பெண்ணைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓர் இளம் மருத்துவர் நிற்கிறார். அவர் பெயர் ஜோசப் பாபின்ஸ்கி.

ஷார்கோவின் மேடை காலத்தோடு கலைந்தது. பாபின்ஸ்கி விட்டுப்போனது இன்றும் உயிரோடு இருக்கிறது. உடம்பின் கோளாறால் வந்த வாதம் எது, ஹிஸ்டீரியாவால் வந்தது எது என்று பிரிக்க என்ன வழி என்பதே அவருடைய கவலை. 1896-ல், ஒரு பக்கம்கூட நிறையாத குறிப்பில் வழியைச் சொன்னார். இன்றைய முறைப்படி, உள்ளங்காலின் வெளிவிளிம்பில் குதிகாலிலிருந்து மேலே கீறுங்கள். வளர்ந்த மனிதருக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்கினால் சரி. மேலே தூக்கினால் மூளையிலோ தண்டுவடத்திலோ பழுது. யாரும் நடித்துக் காட்ட முடியாத அசைவு அது. சாவி போதும். அரை நிமிடம் போதும். மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கில் வரிசை நிற்கும் ஓ.பி.யில், "நைட்ல மட்டும் விழறா டாக்டர்" என்று சொல்லப்படும் பெண்ணின் செருப்பைக் கழற்றச் சொல்ல எத்தனை பேருக்கு நேரமும் மனமும் வாய்க்கிறது?

இந்த அலட்சியத்துக்கு என்ன விலை என்று லண்டனில் ஒருவர் கணக்குப் பார்த்தார். நாட்டின் தலைசிறந்த நரம்பியல் மருத்துவமனையில் 1950-களில் ஹிஸ்டீரியா என்று முடிவுகட்டி அனுப்பப்பட்ட 85 பேரை எலியட் ஸ்லேட்டர் சுமார் ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனார். பாதிப் பேருக்கு மேல் உடம்பில் உண்மையான நோய் அப்போதே இருந்தது, அல்லது பின்னால் வெளிப்பட்டது. சிலர் இறந்தும் போயிருந்தார்கள். ஹிஸ்டீரியா என்ற முத்திரை மருத்துவரின் அறியாமைக்குப் போட்ட போர்வை என்று 1965-ல் அவர் கடுமையாகவே எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 2005-ல், எடின்பரோவைச் சேர்ந்த ஜான் ஸ்டோனும் சகாக்களும் 1,466 நோயாளிகளைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிலைமை மாறியிருந்தது. 1950-களில் 29 சதவீதமாக இருந்த தவறான முடிவு, 1970-களிலிருந்து 4 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆனால் இந்த 4 சதவீதம், நரம்பியல் நிபுணர் பொறுமையாகப் பார்த்துச் சொன்ன இடங்களின் கணக்கு. கொழுந்தனார் சொன்னதும், இரவுப் பணி மருத்துவர் நின்றபடியே சொன்னதும் அதில் சேராது.

இப்போது வாயுவுக்கு வருவோம். 1956-ல் கோபன்ஹேகனில் டெட்டனஸ் நோயாளிகளை நாள்கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடு மயக்கத்தில் வைத்திருந்த மருத்துவர்கள், எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்வதைக் கண்டு திகைத்தார்கள். காரணம் பின்னால்தான் புரிந்தது. பி12 மூலக்கூறின் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு அந்த அணுவை ஆக்சிஜனேற்றம் செய்து மொத்த வைட்டமினையும் பயனற்றதாக்கிவிடும். மின்கம்பிக்கு மேலுறை போல நரம்புக்கு இருக்கும் மயலின் பூச்சைப் பராமரிக்க பி12 வேண்டும். அது செத்தால் உறை உரியும். 1978-ல் அமெரிக்க நரம்பியலர் ராபர்ட் லேசர் கை கால் மரத்துத் தள்ளாடிய 15 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் 14 பேர் பல் மருத்துவர்கள். பெரும்பாலோர் தங்கள் கிளினிக்கிலிருந்த வாயுவைத் தாங்களே போதைக்காக இழுத்துப் பழகியவர்கள். இன்று ஐரோப்பாவில் இளைஞர்கள் பலூனில் நிரப்பி இழுத்துவிட்டு நடக்க முடியாமல் மருத்துவமனைக்கு வருகிறார்கள். நெதர்லாந்தும் பிரிட்டனும் 2023-ல் தடைபோட்டன.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாயுவால் பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தில் பி12 அளவு சரியாகவே காட்டக்கூடும். இருக்கிறது, வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஸ்கேனும் சில சமயம் சுத்தமாக வரும். ஹோமோசிஸ்டீன் போன்ற வேறு பரிசோதனை செய்தால்தான் பிடிபடும். "எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்" என்ற வாக்கியம் நம் ஊரில் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாதா? நேராக "மனசுதான்" என்ற இடத்துக்கு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பி12 போதுமான அளவு இருப்பவருக்கு ஒரு மணி இரண்டு மணி நேர நைட்ரஸ் ஆக்சைடு தீங்கு செய்வதில்லை. 7,112 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு, இந்த வாயுவால் மரணமோ இதயக் கோளாறோ கூடவில்லை என்றே கண்டது. அண்மை ஆண்டுகளில் இதற்கு நல்ல பெயர்கூடக் கிடைத்துவருகிறது: மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுள்ள 20 பேருக்கு அமெரிக்காவில் பீட்டர் நாகலே குழு கொடுத்துப் பார்த்து, சிலருக்கு விரைவில் தெளிவு கிடைத்ததாக 2015-ல் எழுதியது, 2021-ல் 24 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வு, பாதி அளவே போதும் என்றது. எண்ணிக்கை சிறியது, இதை வைத்து வாட்ஸ்அப்பில் வைத்தியம் எழுதக் கூடாது. சிக்கல், பி12 ஏற்கெனவே அடிமட்டத்தில் கிடப்பவர்களுக்குத்தான். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலில் எறும்பு ஊர்வது தொடங்கும். அதற்குள் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ஆபரேஷனையும் எறும்பையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றாது.

அப்படி அடிமட்டத்தில் கிடப்பவர்கள் யார்? காரைக்கால் கடலோரம், மத்தியும் மட்டியும் சமைக்கும் வீடுகளில் பி12-க்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனும் முட்டையும் தொடாத வீடுகள் உண்டு. வாங்க வசதியில்லாத வீடுகள் அதைவிட அதிகம். வாங்கினாலும் குழம்பு மீன் ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் போய், ரசத்தோடு முடித்துக்கொள்ளும் பெண்கள் எந்தத் தெருவில் இல்லை? ஆண்டுக்கணக்காகச் சர்க்கரைக்கு மெட்பார்மின் விழுங்குபவர்களுக்கும் பி12 குறையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் போலிக் அமிலம் இருக்கிறது. மிகவும் தேவையான மாத்திரை, நிறுத்தவே கூடாது. ஆனால் பி12 இல்லாத உடம்பில் போலிக் அமிலம் ரத்தசோகையை மட்டும் சரிசெய்து, நரம்புப் பழுதைத் திரைபோட்டு மறைத்துவிடும். ரத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் நடை சரியில்லை என்றால் நடிப்பு என்று சொல்ல இன்னொரு வசதி.

நைட்ரஸ் ஆக்சைடு என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. 2011-ல் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்குப் போன பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் இந்த வாயு போய், அவர் நினைவு திரும்பாமலே மறு ஆண்டு இறந்தார். இந்தூரில் 2016-ல் குழாய் மாறி இரண்டு குழந்தைகள் பலியாயினர். அவை செய்தியாயின, வழக்காயின. சிலிண்டருக்கு நீலம் அடிப்பதும் (அந்த நிறத்துக்குப் பெயரே பிரெஞ்சு நீலம்தான்), ஒன்றின் ஊசித்துளை மற்றொன்றில் பொருந்தாதபடி செய்வதும் இப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்கத்தான். மெதுவாக வரும் நரம்புக் கேட்டைத் தடுக்க நிறமும் இல்லை, துளையும் இல்லை. கேள்வி கேட்பது ஒன்றே வழி.

அப்படியானால் ஹிஸ்டீரியா என்று ஒன்றே கிடையாதா? உண்டு. பெயர்தான் மாறியிருக்கிறது. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். இன்று நரம்புச் செயல்பாட்டுக் கோளாறு என்கிறார்கள். நரம்பு அறுபடவில்லை, ஆனால் கால் அசையவில்லை. அவள் வேண்டுமென்று செய்யவும் இல்லை. இதையும் சோதனை செய்தே உறுதிப்படுத்தலாம்: படுத்திருப்பவரின் வலுவிழந்த காலின் குதியின்கீழ் கையை வைத்து, அழுத்தச் சொன்னால் அழுத்தம் வராது, நல்ல காலைத் தூக்கச் சொன்னால் இந்தக் குதி தானாகக் கீழே அழுத்தும். சார்லஸ் ஹூவர் 1908-ல் சொன்னது. அதை நோயாளிக்கே காட்டி, "பாருங்கம்மா, கால் வேலை செய்யுது, கட்டளைதான் சரியாப் போய்ச் சேரலை, பயிற்சியில் திருப்பிக்கலாம்" என்று விளக்குவதே சிகிச்சையின் தொடக்கம் என்கிறார்கள் இன்றைய நரம்பியலர்கள். வேறெதுவும் கிடைக்காததால் ஹிஸ்டீரியா என்று எழுதுவதும், இதைக் கண்டேன் அதனால் எழுதுகிறேன் என்பதும் ஒன்றல்ல.

கோயிலையும் தர்காவையும் எதிரியாக்கி இந்தப் பிரச்சினை தீராது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் 2000-ல் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இருந்தது ஹிஸ்டீரியா இல்லை, பெரும்பாலும் கடுமையான மனநோய்கள். மருந்தில்லாமல் சராசரி ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் தணிந்திருந்தன. அடுத்த ஆண்டே, தர்கா ஊரான ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். இரண்டும் இதே தமிழ்நாட்டில்தான் நடந்தன. ஏர்வாடியில் பிறகு மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்கா வளாகத்திலேயே அரசு மனநல மருத்துவர்கள் வந்து அமரும் ஏற்பாடு வந்தது. அதை நாகூர் தர்காவிலும் செய்யலாம். ஆனால் அங்கே அமர்பவரிடம் மனநல மாத்திரை மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். மேசையில் ஓர் இசைக்கவையும் வேண்டும். அதைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிருதா?" என்று கேட்க வேண்டும். அதிர்வு தெரியாத கால் மந்திரிப்பவரிடம் வரவேண்டிய கால் அல்ல.

புதுச்சேரி சுகாதாரத் துறை பெரிய திட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. காரைக்கால் அரசு பொது மருத்துவமனை, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஜிப்மரின் காரைக்கால் கிளையில் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்குமாக ஒரு சுற்றறிக்கை போதும். ஹிஸ்டீரியா என்றோ அதன் நவீனப் பெயரையோ கேஸ் ஷீட்டில் எழுதுமுன், உள்ளங்கால் கீறல், கணுக்கால் அதிர்வு, கண்மூடி நிற்றல், ஹூவர் சோதனை ஆகிய நான்கின் முடிவையும் அதே தாளில் எழுத வேண்டும். மயக்க மருந்து கொடுக்குமுன் கேட்கும் கேள்விகளில் சாப்பாடு, மெட்பார்மின், கை கால் மதமதப்பு மூன்றையும் சேர்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் நைட்ரஸ் இல்லாமலே மயக்கம் கொடுக்க இன்று வழிகள் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில், என்ன வாயு கொடுத்தோம் என்ற ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தில் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ போகும் பெண்ணை அங்கே பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பி12 ஊசி விலை குறைந்த மருந்து. சில வாரங்களுக்குள் தொடங்கினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். பல மாதம் காற்று சேட்டை என்று ஓட்டிவிட்டு வருபவர்களுக்கு அதே ஊசி கொஞ்சம்தான் திருப்பித் தருகிறது.